கடைசல் பொறி கற்பித்த வரலாறு



'கடைதல்' என்னும் சொல்லை நாம் இரண்டு தொழில்களுக்கு வழங்குகிறோம். வீட்டில் தயிரைக் கடைகிறோம்; பட்டறையில் மரத்தையும் உலோகத்தையும் கடைகிறோம். வெண்ணெய் எடுக்கும் தொழிலுக்கும் கட்டில்கால் செய்யும் தொழிலுக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தியது என்று பள்ளி நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், கோயம்புத்தூரில் என் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு சிறு கடைசல் பொறியின் முன் மாணவனாக நின்றபோதுதான் அது விளங்கிற்று.

மத்தைச் சுற்றிய கயிற்றை ஒரு கையால் இழுத்தால் மத்து வலமாகச் சுழல்கிறது. மறு கையால் இழுத்தால் இடமாகச் சுழல்கிறது. அந்த மத்தை இரண்டு முனைகளுக்கிடையே படுக்கவைத்து, அதன்மேல் கூரிய உளி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அதுதான் பண்டைக் காலத்துக் கடைசல் பொறி. எகிப்து நாட்டில் பெட்டோசிரிஸ் என்னும் குருவின் கல்லறைச் சுவரில், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிச் செதுக்கப்பட்ட புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. அதில் ஒருவன் கயிற்றை இழுக்கிறான்; மற்றவன் உளியைப் பிடித்திருக்கிறான். நம் வீட்டு மத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அச்சிற்பம் புதியதன்று.

கடைசல் பொறியைப் பார்த்திராத மாணவர்களுக்கு ஒரு சொல். தச்சன் மரத்தை அசையாமல் வைத்து உளியை ஓட்டுகிறான். கடைசல்காரனோ பொருளைச் சுழலவிட்டு உளியை அதன்மேல் நிறுத்துகிறான். சுழலும் பொருளின்மேல் நிலையான முனை ஒன்று பட்டால் வட்டம் பிறக்கிறது. அம்முனை நேர்கோட்டில் நகர்ந்தால் உருளை பிறக்கிறது. சக்கரத்தின் அச்சு, பம்பின் தண்டு, கடிகாரத்தின் ஊசித்தண்டு ஆகிய யாவும் இவ்வாறு பிறந்தவையே.

என்னிடம் உள்ளது கைம்மாறி வந்த பழைய பொறி. இங்கிலாந்தில் பீஸ்டன் என்னும் ஊரில் மைஃபோர்டு நிறுவனத்தார் 1946ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட எம்.எல்.7 என்னும் வகையைச் சேர்ந்தது. ஏழு அங்குல விட்டமுள்ள பொருளை அதில் சுழற்றலாம். பெரிய தொழிற்சாலைக்காக அன்றி, வீட்டுக் கொட்டகையில் நின்று வேலை செய்பவனுக்காகவே வடிவமைத்தது போன்ற அளவு. எனக்கு ஆசானாக வாய்த்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் முதிய கடைசல் தொழிலாளி. கோவைப் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகள் நின்றவர். நான் அவரை 'மேஸ்திரி' என்பேன். என் மாணவராக ஒருநாளும் இருந்திராத அவர் என்னை 'வாத்தியாரய்யா' என்பார்.

முதல் நாள், வழக்கம்போல் தோளில் துண்டுடன் சென்றேன். "துண்டை அந்தப் பக்கம் வெச்சிட்டு வாங்க, வாத்தியாரய்யா. சுத்தற சக்குக்குத் துண்டும் ஒண்ணுதான், கையும் ஒண்ணுதானுங்க" என்றார். பொருளைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடையுள்ள பாகத்தைத்தான் தொழிலாளர் சக்கு என்பர். அதை இறுக்க ஒரு சாவி உண்டு. கை சாவியை விடுமுன் சாவி சக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதே அன்று நான் கற்ற ஒரே பாடம். மறந்து விசையைப் போட்டால் சாவி எறிகணையாகப் பறக்கும். அன்று முழுதும் அவர் என்னைப் பொறியை ஓட்டவிடவில்லை. இறுக்கவும் கழற்றவும் மட்டுமே விட்டார்.

இரண்டாம் வாரம் வரலாற்று ஆசை ஒன்றைத் தெரிவித்தேன். முன்னோர் கடைந்தது போல, உளியைக் கையிலேயே பிடித்துக் கடைய வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு பித்தளைத் தண்டை மாட்டி, உளியைச் சாய்த்துவைக்க ஒரு தாங்கியையும் அமைத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் உழைத்தேன். கண்ணுக்குத் தண்டு அழகாகவே தோன்றியது. நுண்ணளவி கொண்டு அளந்தபோது இரண்டு அங்குல நீளத்துக்குள், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு அங்குலம் வேறுபட்டது. பிறகு அவர் உளியைப் பொறியின் ஊர்தியில் இறுக்கி, கைப்பிடியைச் சீராகத் திருகச் சொன்னார். இம்முறை வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. என் கையின் திறமை அரை மணியில் பன்னிரண்டு மடங்கு பெருகிவிடவில்லை. உளி மனிதன் கையிலிருந்து பொறியின் கைக்கு மாறியது. அந்த மாற்றமே நான் இன்று சொல்ல வந்த வரலாறு.

அந்த மாற்றம் ஒரே நாளில் நேர்ந்ததன்று. கயிற்றுப் பொறியில் பாதி இயக்கம் வீண். கயிறு திரும்பும்போது பொருள் எதிர்த் திசையில் சுழல்வதால் உளியை விலக்கிக்கொள்ள வேண்டும். இடைக்கால ஐரோப்பியர் வளையும் கழி ஒன்றை மேலே கட்டிக் காலால் மிதித்தனர். அப்போதும் பாதி வீணே. லியோனார்டோ டாவின்சி தம் ஏடுகளில் மிதிகட்டையும் கனமான சக்கரமும் பூட்டி, ஒரே திசையில் இடைவிடாது சுழலும் பொறியை வரைந்து வைத்தார். பின்னர் அரசர்களுக்கும் இதில் மோகம் பிறந்தது. ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் தாமே கடைசல் வேலை செய்தார். அவருடைய கைவினைஞர் நார்த்தோவ், உளியைப் பொறியே பிடிக்கும் அமைப்புள்ள பொறிகளை அவருக்குச் செய்தளித்தார். பிரான்சில் ப்ளூமியே என்னும் துறவி 1701ஆம் ஆண்டில் கடைசற் கலைக்கென்றே பெருநூல் ஒன்றை வெளியிட்டார். வீட்டில் கடைசல் பொறி வைத்திருப்பது அந்நாளில் அரண்மனைப் பொழுதுபோக்கு. தந்தத்தில் கிண்ணமும் பெட்டியும் செய்தனர். தொழிலுலகம் அதனால் மாறவில்லை.

மாற்றியவர் அரண்மனைக்குத் தொலைவில் பிறந்தார். ஹென்றி மாட்ஸ்லே 1771ஆம் ஆண்டு லண்டனை அடுத்த வூலிச்சில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் அங்குள்ள படைக்கலச் சாலையில் தோட்டாக்களில் மருந்து நிரப்பும் சிறுவனாகச் சேர்ந்தார். பிறகு தச்சுக்கூடம், அதன்பின் கொல்லுலை. பதினெட்டாம் வயதில் அவருடைய கைத்திறம் கேள்வியுற்று, பூட்டுச் செய்வதில் புகழ்பெற்ற ஜோசப் பிராமா அவரைத் தம் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். தம் பூட்டைத் திறப்பவருக்கு இருநூறு கினி பரிசு என்று பிராமா தம் கடையில் அறிவித்து வைத்திருந்தார். அந்தப் பூட்டு 1851ஆம் ஆண்டு வரை எவருக்கும் வசப்படவில்லை. அத்தகைய நுண்ணிய பூட்டுகளை விலை குறைவாகச் செய்வதற்கு வேண்டிய கருவிகளை அமைத்தவர் மாட்ஸ்லேயே. அவர் பட்டறையின் தலைவரானார். வாரக் கூலி முப்பது ஷில்லிங். குடும்பம் பெருகியதால் கூலி உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது. 1797ஆம் ஆண்டில் வெளியேறித் தனிப் பட்டறை தொடங்கினார்.

அவ்வாண்டுகளில் அவர் அமைத்த மரை வெட்டும் கடைசல் பொறி இன்று லண்டன் அறிவியல் காட்சிசாலையில் உள்ளது. உளி பிடிக்கும் ஊர்தியை அவர்தாம் முதன்முதல் கண்டார் என்று சில நூல்கள் கூறுவது பிழை. நார்த்தோவைச் சொன்னேன், பிரான்சில் வோகான்சோன் என்பாரும் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அத்தகைய பொறி ஒன்றைச் செய்திருந்தார். மாட்ஸ்லேயின் பெருமை வேறு. முழுதும் உலோகத்தாலான உறுதியான உடல், தளத்தில் நகரும் ஊர்தி, அவ்வூர்தியை இழுத்துச் செல்லும் நீண்ட திருகு, அத்திருகின் வேகத்தை மாற்றும் பற்சக்கரங்கள் ஆகியவற்றை ஒன்றாக இணைத்து, அன்றாடத் தொழிலாளி நம்பி வேலை செய்யத்தக்க பொறியாக்கினார். தொழிலாளர் அந்த நீண்ட திருகை லீட் ஸ்க்ரூ என்பர். என் கொட்டகையிலுள்ள பொறியின் அமைப்பும் அதுவே.

இங்கே ஒரு புதிர் உண்டு. நுட்பமான மரையை வெட்டுவதற்கு நுட்பமான திருகு முன்னரே பொறியில் இருக்க வேண்டும். அந்த முதல் திருகு எங்கிருந்து வரும்? மாட்ஸ்லே, பிறை போன்ற விளிம்புள்ள கத்தி ஒன்றை உருளையின்மேல் குறித்த கோணத்தில் சாய்த்து அமைத்து, மரத்திலும் ஈயம் போன்ற மென்மையான உலோகங்களிலும் முதல் மரைகளைக் கீறச் செய்தார். அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, அதைக் கொண்டு அதனினும் சிறந்ததை வெட்டினார். அதைக் கொண்டு அடுத்ததை. தாயினும் மேலான மகள், மகளினும் மேலான பேர்த்தி என்று திருகுகளுக்கு ஒரு மரபு வளர்ந்தது. அவர் மேசைமேல் இருந்த நுண்ணளவியோ ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டவல்லது. பட்டறையில் அளவு பற்றி வழக்கு எழுந்தால் இறுதித் தீர்ப்பு அதனுடையது என்பதால், அதற்கு நாட்டின் உயர் நீதிபதியின் பட்டமான 'லார்டு சான்சலர்' என்பதையே பெயராக இட்டிருந்தார்.

பற்சக்கரங்களின் கணக்கை நான் ஏட்டில் எளிதாகவே கற்றேன். இரும்பில்தான் தடுக்கி விழுந்தேன். என் பொறியின் நீள்திருகில் அங்குலத்துக்கு 8 மரை. மூன்று நூல் விட்டமுள்ள, அதாவது எட்டில் மூன்று அங்குலத் தண்டில், அங்குலத்துக்கு 16 மரை வெட்ட வேண்டும். ஆகவே தண்டு இரண்டு சுற்றுச் சுழலும்போது நீள்திருகு ஒரு சுற்றுத்தான் சுழல வேண்டும். தண்டின் பக்கம் 30 பல் சக்கரம், நீள்திருகின் பக்கம் 60 பல் சக்கரம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும் கணக்கு. நான் அவற்றை இடம் மாற்றிப் பூட்டிவிட்டேன். விசையைப் போட்டதும், ஒரு சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் மெல்ல ஊர வேண்டிய உளி, கால் அங்குலம் கால் அங்குலமாகப் பாய்ந்தது. நான் விசையைத் தேடுமுன் உளி தண்டின் தடித்த பகுதியில் மோதி முனை முறிந்தது. தண்டும் வளைந்தது.

மேஸ்திரி கடிந்துகொள்ளவில்லை. முறிந்த முனையைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கணக்கு உங்களுக்குத் தெரியுங்க, வாத்தியாரய்யா. ஆனா மெஷின் உங்க கணக்கைப் படிக்காது. நீங்க மாட்டின சக்கரத்தைத்தான் படிக்கும். மொதல்ல மயிரளவு கீறிப் பாருங்க. ஸ்கேலை வெச்சு எண்ணுங்க. அப்புறம் வெட்டுங்க" என்றார். அவ்வாறே மறுநாள் தண்டில் மெல்லிய கோடு ஒன்றைக் கீறி, அளவுகோலை வைத்து எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குப் பதினாறு. பின்னர் எண்ணெய் இட்டு, சிறுகச் சிறுக உளியை உட்செலுத்தி, ஆயிரத்தில் 40 பங்கு ஆழம் வரை வெட்டினேன். மரையின் பள்ளங்கள் ஒளிர்ந்து வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை ஆசிரியத் தொழிலில் சில நாள்களே அடைந்திருக்கிறேன்.

அன்று மாலை கடைவீதிக்குச் சென்று, ஒரு பழைய இரும்புச் சாமான் கடையில் மூன்று நூல் விட்வொர்த் நட்டு ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் கடைவாசலிலேயே என் திருகில் அதைப் பொருத்தினேன். தொடக்கத்தில் தயங்கியது; பிறகு விரலாலேயே கடைசி மரை வரை ஓடியது. அந்த நட்டை எந்த ஊரில் எவர் செய்தார் என்பதை நான் அறியேன். அவரும் என்னை அறியார். ஆயினும் எங்கள் இருவர் வேலையும் ஒன்றுக்கொன்று இசைந்தது.

இது சிறு செய்தி அன்று. மாட்ஸ்லேயிடம் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் நாஸ்மித், அதற்கு முந்தைய நிலையைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அக்காலத்தில் ஒவ்வொரு திருகும் தன் நட்டுடன் மட்டுமே பொருந்தும். பொறியைக் கழற்றும்போது ஜோடி மாறாதிருக்க ஒவ்வொன்றிலும் அடையாளம் இட வேண்டும். மாட்ஸ்லே தம் பட்டறைக்குள் இந்தக் குழப்பத்தை ஒழித்தார். அவரிடம் பணிபுரிந்த ஜோசப் விட்வொர்த், 1841ஆம் ஆண்டில், எந்த விட்டத்துக்கு எத்தனை மரை என்பதையும், மரையின் கோணம் 55 பாகை என்பதையும் நாடு முழுமைக்கும் பொதுவாக வகுத்துத் தந்தார். மூன்று நூலுக்குப் பதினாறு மரை என்று என் மேஸ்திரி மனப்பாடமாகச் சொன்னது அந்த அட்டவணையைத்தான்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

பாய்மரக் கப்பலுக்குக் கயிறு இழுக்கும் கப்பிகள் வேண்டும். 74 பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. மார்க் பிரூனல் வகுத்த திட்டப்படி, கப்பி செய்யும் 45 பொறிகளை மாட்ஸ்லே போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குச் செய்து கொடுத்தார். 1808ஆம் ஆண்டில் அவை 1,30,000 கப்பிகளைச் செய்து தள்ளின. முன்பு தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையை, பயிற்சியில்லாத 10 பேர் செய்தனர். வரலாற்று நூல்கள் இந்தக் கணக்கை வியப்புடன் எழுதுகின்றன. நானும் வகுப்பறையில் ஆண்டுதோறும் அவ்வாறே சொல்லி வந்தேன். மீதி நூறு பேர் என்ன ஆனார்கள் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கூலி உயர்வு மறுக்கப்பட்டு வெளியேறிய தொழிலாளி ஒருவரின் கைவேலையே அந்த நூறு பேரின் கைவேலையைத் தேவையற்றதாக்கியது என்பதும் என் நினைவில் தைத்ததில்லை.

அதைத் தைக்கச் செய்தவர் மேஸ்திரி. ஒருநாள் பொறியைத் துடைத்துக்கொண்டே, தாம் ஏன் வேலையை விட்டார் என்று சொன்னார். "நான் நின்ன பட்டறைக்குக் கம்ப்யூட்டர் லேத்து வந்துச்சுங்க. ஆறு பேர் வேலையை ஒரு பையன் பார்த்தான். நல்ல பையன். அவன்மேல குத்தமில்லீங்க. முதலாளி கணக்கும் சரிதான். ஆறு பேர்ல நானும் ஒருத்தன், அவ்வளவுதான்." இவ்வளவுதான் சொன்னார். எண்களைக் கொண்டு பொறியை இயக்கும் முறை, 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதலில் செய்து காட்டப்பட்டது. மாட்ஸ்லே உளியை மனிதன் கையிலிருந்து எடுத்து ஊர்தியிடம் தந்தார். இது அந்த ஊர்தியின் கைப்பிடியையும் மனிதனிடமிருந்து எடுத்துக்கொண்டது.

ஆயின் கைத்திறம் வீணாயிற்றா? என் அனுபவம் அவ்வாறு கூறவில்லை. வாசலில் நாற்காலியில் அமர்ந்தபடியே, கொட்டகைக்குள் நான் வெட்டும் ஓசையைக் கேட்டு, "உளி மழுங்கிப்போச்சுங்க" என்று அவர் சொல்வார். எடுத்துப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும். உளியின் முனை தண்டின் மையத்துக்கு மயிரளவு கீழே இருப்பதைச் சுருளின் நிறத்தையும் வளைவையும் கொண்டே அறிவார். இது எந்த அட்டவணையிலும் இல்லை. மாட்ஸ்லேயின் வரலாறும் இதையே காட்டுகிறது. அவர் 1831ஆம் ஆண்டில் மறைந்தபோது விட்டுச் சென்ற செல்வம் பொறிகள் மட்டுமல்ல. விட்வொர்த், நாஸ்மித், ரிச்சர்டு ராபர்ட்ஸ், ஜோசப் கிளமென்ட் என்று அடுத்த தலைமுறையின் தலைசிறந்த பொறிவல்லுநர்கள் அவர் பட்டறையில் நின்று பழகியவர்கள். திருகிலிருந்து திருகு பிறந்தது போலவே, தொழிலாளியிடமிருந்து தொழிலாளி பிறந்தார். அம்மரபு ஒரு தலைமுறையில் அறுந்துவிட்டால், ஏட்டைப் பார்த்து மீண்டும் தொடங்குவது எளிதன்று.

வீட்டுப் பட்டறைகள் அம்மரபைக் காக்க உதவியிருக்கின்றன. 1898ஆம் ஆண்டில் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பார், வீட்டிலேயே சிறு பொறிகள் செய்வோருக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். எழுத்தரும் ஆசிரியரும் தொழிலாளரும் அதைப் படித்துக் கொட்டகைகளில் நீராவிப் பொறி செய்தனர். அரசர்களின் விளையாட்டாக இருந்த கடைசல் பொறி, இவ்வாறு எளியவர் வீட்டுக்கும் வந்தது. என் பொறியைச் செய்த பழைய மைஃபோர்டு தொழிற்சாலை 2011ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் அது செய்த பொறிகள் பல நாடுகளின் கொட்டகைகளில் இன்னும் ஓடுகின்றன. தேய்ந்த பாகத்தை அப்பொறியிலேயே கடைந்து அப்பொறிக்கே பூட்டலாம் என்பது கடைசல் பொறிக்கு உரிய தனிச் சிறப்பு.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவிலுள்ள பள்ளி மாணவர் இருவர் கொட்டகைக்கு வருகின்றனர். சாவியைச் சக்கில் விட்டுவிடாதிருக்க நான் கற்பிக்கிறேன். மற்றவற்றை மேஸ்திரி கற்பிக்கிறார். சென்ற வாரம் அவர்களிடம் போர்ட்ஸ்மத்துக் கப்பிகளின் கணக்கைச் சொன்னேன். நூற்றுப்பத்துப் பேர், பத்துப் பேர் என்றேன். ஒரு மாணவி உளியிலிருந்து கண்ணெடுக்காமலே, "மீதி நூறு பேரு என்ன பண்ணாங்க, சார்?" என்று கேட்டாள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் எழாத கேள்வி, ஒரு சிறு கடைசல் பொறியின் முன் எழுந்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.